‘ஆக்சுவலி’யும் ‘பாத்துக்கிடுங்க’வும்

பாளையங்கோட்டையில் நேர்காணலுக்குத் தயாராகிக்கொண்டிருக்கும் என் அக்காள் மகளுக்கு ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி கொடுத்தபோது, அவள் ஒவ்வொரு வாக்கியத்தையும் ‘ஆக்சுவலி’ என்று தொடங்கி, நடுவில் ‘யூ நோ’ என்று நிறுத்தி, ‘லைக்’ என்று இழுப்பதைக் கவனித்தேன். இவற்றை அறவே ஒழிக்க வேண்டும் என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். அதை நான் ஏற்கவில்லை.

ஆங்கிலம் பேசுவோர் சிறிய தாமதத்துக்கு ‘அ’ என்றும் நீண்ட தாமதத்துக்கு ‘அம்’ என்றும் ஒலித்துக் கேட்பவருக்கு முன்கூட்டியே உணர்த்துகிறார்கள் என்று உளவியல் ஆய்வாளர்களான ஹெர்பர்ட் கிளார்க்கும் ஜீன் ஃபாக்ஸ் ட்ரீயும் 2002இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் எழுதினார்கள். ‘யூ நோ’ என்பதோ கேட்பவரையும் பேச்சுக்குள் சேர்த்துக்கொள்கிறது. எங்கள் ஆச்சி, ‘நேத்து நல்ல மழை, பாத்துக்கிடுங்க’ என்று சொல்லும்போது, எதையும் பார்க்கச் சொல்வதில்லையே! செய்யுளில் தனிப்பொருள் இல்லாமல் வரும் ‘அரோ’, ‘மாது’ போன்ற சொற்களுக்கும் அசைநிலை என்று பெயரிட்டு இலக்கணத்தில் இடம் கொடுத்த மொழி நம்முடையது.

‘ஆக்சுவலி’யை மட்டும் குறைத்துக்கொள்ளச் சொன்னேன். எதிரில் இருப்பவர் நினைத்திருப்பதைத் திருத்தும் சொல் அது என்பதால், ‘ஆக்சுவலி, என் ஊர் திருநெல்வேலி’ என்று தொடங்கினால், அவர் வேறு ஏதோ ஊரைச் சொல்லிவிட்டதுபோல் ஆகிவிடும்.