மேசை டிராயருக்குள் போன ஒரு லட்சம்

2001 மார்ச்சில் டிவியில் பார்த்த அந்தக் காட்சி இன்னும் மனசை விட்டுப் போகலை. பாஜகவின் தேசியத் தலைவர் பங்காரு லட்சுமண் நோட்டுக் கட்டுகளை வாங்கி மேசை டிராயருக்குள் வைக்கிறார். கொடுத்தவர்கள் ஆயுத வியாபாரிகளாக நடித்த, தெஹல்கா என்ற செய்தி இணையதளத்தின் நிருபர்கள். அவர்கள் சொன்ன கம்பெனியே கிடையாது.

அந்தக் கட்சிக்குத் தலைவரான முதல் தலித் அவர். எத்தனை வருஷம் உழைத்து ஏறிய படி! அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

பணம் வாங்கியது ஜனவரியில், வீடியோ வெளிவந்தது மார்ச் 13 அன்று. நடுவில் இரண்டு மாதம். ஒரு ராத்திரியாவது "யாராவது பார்த்திருப்பாங்களோ" என்று திடுக்கிட்டு எழுந்திருப்பாரா? அந்த பயம் கை நீட்டுவதற்கு முன்னாலேயே வந்திருக்கக் கூடாதா?

உடனே பதவி போனது. தீர்ப்பு வரத்தான் 11 வருஷம் ஆனது. 2012 ஏப்ரலில் நான்கு ஆண்டு சிறை, ஒரு லட்சம் அபராதம். வாங்கிய அதே தொகை. மேல்முறையீடு நடக்கும்போதே, 2014இல் இறந்துபோனார்.

நம்ம வார்டு கவுன்சிலரில் தொடங்கி யார் கை நீட்டினாலும் எனக்கு அந்த டிராயர்தான் கண்ணில் நிற்கிறது.