கரண்ட் இல்லாத ஊரில் இரும்புக்கை மாயாவி

யாழ்ப்பாணம் போகிறவர்கள் நல்லூர், நயினாதீவு, கீரிமலை என்று ஒரு பட்டியலோடு போவார்கள். நான் போனது பழைய காமிக்ஸ் பார்க்க. பேராதனையில் என்னோடு ஒரே அறையில் இருப்பவன் கோண்டாவில்காரன். தன் சித்தப்பாவிடம் ஒரு ட்ரங்குப் பெட்டி நிறைய முத்து காமிக்ஸும் லயன் காமிக்ஸும் இருப்பதாக முதலாம் வருடத்திலிருந்தே ஆசை காட்டிக்கொண்டிருந்தான். பரீட்சை முடிந்த கையோடு கண்டியில் இரவு பஸ் ஏறிவிட்டோம்.

பஸ்ஸில் தமிழ் டப்பிங்கோடு ஏதோ ஒரு சூப்பர்ஹீரோ படம் போட்டார்கள். தம்புள்ள தாண்டுவதற்குள் பாதிப் பேர் நித்திரை, நாங்கள் இரண்டு பேரும் மட்டும் சண்டை. அவன் கட்சி என்னவென்றால், காமிக்ஸில் உள்ளதை உள்ளபடி எடுத்தால்தான் அது நல்ல படம். அதற்குச் சாட்சியாக 2009இல் வந்த வாட்ச்மென்னைச் சொல்வான், கட்டம் கட்டமாக அப்படியே எடுத்திருக்கிறார்கள் என்று. எடுத்திருக்கிறார்கள்தான், ஆனால் பக்கத்தில் இருப்பவனின் நோட்ஸைப் பார்த்து எழுதிய விடைத்தாள் மாதிரி எல்லாம் சரியாக இருந்தும் உயிர் இல்லையே என்பது என் கட்சி. முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாரைக் கும்பிட்டு, சுடச்சுடக் கச்சான் வாங்கிக் கொறித்துக்கொண்டு திரும்ப ஏறியும் சண்டை தீரவில்லை. ஆனையிறவில் விடிந்தது. அந்த உப்புவெளியைப் பார்த்ததும்தான் இருவரும் வாயை மூடினோம்.

சித்தப்பாவை நான் அங்கிள் என்றுதான் கூப்பிட்டேன். நாற்பத்தைந்து தாண்டிய மனிதர், முன் விறாந்தையில் கதிரையைப் போட்டு, பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து வைத்தார். பிள்ளைகள் தொடக்கூடாது என்று பூட்டு வேறு. மேலே இருந்தவை எல்லாம் பிற்காலத்தில் வாங்கியவை. அடியில் ஒரு பொலித்தீன் பையில் சுற்றி நாலைந்து மட்டும் தனியாக இருந்தன. 1995 ஒக்டோபர் கடைசியில் யுத்தத்துக்குப் பயந்து வலிகாமமே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்த அந்த இரவில், சேர்ட்டிபிக்கேட் பைக்குள் அம்மாவுக்குத் தெரியாமல் செருகிக்கொண்டு போனவை இவை. மிச்சத்தை வீட்டோடு விட்டுப் போயிருக்கிறார். திரும்பி வந்தபோது கறையான்தான் இருந்ததாம்.

அதில் ஒன்று இரும்புக்கை மாயாவி. 1972இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியதே இந்த ஆளை வைத்துத்தான். மூலம் இங்கிலாந்து, வேலியன்ட் என்ற வார இதழில் 1962இல் தொடங்கிய தொடர், வரைந்தவர் ஸ்பெயின்காரரான ஹெசுஸ் பிளாஸ்கோ. விபத்தில் ஒரு கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொண்டவன், உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் அந்தக் கை தவிர மற்றதெல்லாம் மறைந்துபோகும். அவ்வளவுதான் சங்கதி.

அங்கிள் இதைப் படித்தது மின்சாரமே இல்லாத காலத்தில். 1990இல் குடாநாட்டில் கரண்ட் போனது, பற்றறியும் தடை, மண்ணெண்ணெய் தங்க விலை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சில் கொஞ்சம் எண்ணெயை ஊற்றி, திரி போட்டு எரித்த விளக்கில்தான் இரவுப் படிப்பு. பள்ளிக்கூடப் புத்தகத்துக்கு நடுவில் மாயாவி. "மாயாவி இஞ்ச வந்திருந்தா ஒருக்காலும் மறைஞ்சிருக்க ஏலாது தம்பி, கையை வைக்கிறதுக்கு எங்க கரண்ட்?" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

அப்போது படம் பார்ப்பது என்றால் டிவியும் டெக்கும் ஜெனரேட்டரும் வாடகைக்கு எடுத்து, ஊரே காசு சேர்த்து விடிய விடிய பார்ப்பதுதானாம். அது எப்போதாவது. ஆகவே அவர்களுக்குக் காமிக்ஸ்தான் சினிமா. எனக்கோ நேர்மாறு, படங்களைப் பார்த்துவிட்டுத்தான் இந்த ஆட்களுக்குப் புத்தகமும் உண்டு என்றே தெரிந்தது.

அந்த இதழில் ஒரு கட்டத்தை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மேசை, கவிழ்ந்த கதிரை, கதவுப் பிடியில் ஓர் இரும்புக் கை. மணிக்கட்டோடு சரி, அதற்கப்புறம் ஒன்றுமில்லை. ஆள் நிற்க வேண்டிய இடத்தில் பழுப்பேறிய தாளும், விளக்குப் புகை படிந்த ஒரு கரித்தடமும். பிளாஸ்கோ அங்கே எதையும் வரையவில்லை, ஆனாலும் அவன் எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறான், எவ்வளவு அவசரத்தில் இருக்கிறான் என்பதெல்லாம் அந்த விரல்களிலேயே தெரிகிறது. இதைப் படமாக எடுத்தால் இன்றைக்கு என்ன செய்வார்கள்? காற்றில் ஒரு நெளிவு, மினுமினுப்பு, கூடவே காது கிழிய ஒரு பின்னணி இசை. மறைந்திருப்பதைக் கூட காட்டாமல் விட மனம் வராது அவர்களுக்கு.

இதனால்தான் எனக்கு 2018இல் வந்த அந்த ஸ்பைடர்மேன் அனிமேஷன் படம், ஸ்பைடர்வெர்ஸ், மற்ற எல்லாவற்றையும் விட ஒரு படி மேல். அவர்கள் கதையை மட்டும் எடுக்கவில்லை, தாளையும் எடுத்தார்கள். மலிவு அச்சின் புள்ளிகள் முகங்களில் தெரியும். தூரத்தில் இருப்பதை வழக்கம்போல மங்கலாக்காமல், நிறங்களைப் பிரித்து ஒன்றைவிட்டு ஒன்று விலக்கி வைத்தார்கள், அச்சில் மை தள்ளிப்போன மாதிரி. அங்கிளின் பெட்டியில் ஓர் அட்டையில் கதாநாயகியின் உதட்டுச் சிவப்பு ஒரு நூல் விலகிக் கன்னத்தில் விழுந்திருந்தது. இதைத்தான்டா கோடிக்கணக்கில் செலவழித்துச் செய்திருக்கிறார்கள் என்று நண்பனுக்குக் காட்டினேன். அவன் ஒத்துக்கொள்ளவில்லை, அது வேறு விஷயம்.

அடுத்து வெளியே வந்தது மாடஸ்டி. 1984இல் லயன் காமிக்ஸ் முதல் இதழே மாடஸ்டி பிளைசிதான். இந்தச் சாகச நாயகியைப் படைத்தவர் பீட்டர் ஓ'டானல். 1942இல் ஈரானின் வடக்கே சிப்பாயாக இருந்தபோது, போரில் எல்லாரையும் இழந்து தன்னந்தனியாக நடந்து வந்த ஓர் அகதிச் சிறுமியைப் பார்த்திருக்கிறார். இவர்கள் கொடுத்ததைச் சாப்பிட்டுவிட்டு அவள் தன்பாட்டில் போய்விட்டாள். இருபது வருடம் கழித்து அந்தச் சிறுமியிலிருந்துதான் மாடஸ்டியை உருவாக்கினார். முகாம் முகாமாக அலைந்து தானே தன்னை வளர்த்துக்கொண்டவள் என்பதுதான் அவளுடைய கதை. 1966இல் மோனிகா விட்டியை வைத்து ஜோசப் லோசி எடுத்த படத்தில் உடுப்பு இருக்கிறது, கேலி இருக்கிறது, அந்தச் சிறுமி மட்டும் இல்லை. ஓ'டானலுக்கே அந்தப் படம் பிடிக்கவில்லை.

இதை நான் சொல்லிக்கொண்டிருந்தபோது அங்கிள் பெட்டியை அடுக்குவதை நிறுத்திவிட்டார்.

"அப்ப அந்தப் பிள்ளை படத்தில வராதோ?"

"இல்லை அங்கிள்."

"பின்ன என்ன கோதாரிக்கு எடுத்தவங்கள்?"

சினிமா விமர்சனம் என்று நான் படித்த எத்தனையோ பக்கங்களை இந்த ஒரு வரிக்குக் கொடுத்துவிடலாம்.

பின்னேரம் சைக்கிளில் டவுன் சுற்றினோம். நூலகத்துக்குப் போனோம், 1981இல் எரிந்த தொண்ணூற்றேழாயிரம் புத்தகங்களைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள், நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பஸ் நிலையத்துப் பக்கம் புத்தகக் கடைகளில் பழைய காமிக்ஸ் கேட்டால் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். கடைசியில் றியோவில் ஐஸ்கிரீம் குடித்ததுதான் மிச்சம்.

இரும்புக்கை மாயாவி என்ற பெயரில் ஒரு படம் எடுக்க வேண்டும் என்று லோகேஷ் கனகராஜ் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். வந்தால் கண்டியில் பார்க்கமாட்டேன், யாழ்ப்பாணம் வந்து அங்கிளோடுதான் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். டிக்கெட் காசு தன்னுடையது என்றார், ஆனால் மாயாவி மறையும்போது மினுமினுத்தால் இடைவேளைக்கே எழும்பி வந்துவிடுவாராம்.