ரெண்டு தடவ காசு எடுக்குற பக், அத சரிபண்ணி வெளிய அனுப்ப நான் பட்ட பாடு

ஒரே ஆர்டருக்கு ரெண்டு தடவ காசு எடுத்துட்டு இருந்துச்சு எங்க சாஃப்ட்வேர். டைம்அவுட் ஆனா பேமென்ட் ரிக்வெஸ்ட்ட திரும்ப அனுப்பும், ஆனா இது பழைய ரிக்வெஸ்ட்தான்னு காசு எடுக்குற பக்கம் தெரிஞ்சுக்க ஐடெம்போட்டன்சி கீங்குற அடையாளக் குறி கூடவே போகல, அவ்வளவுதான் பிரச்சனை. கோடுல மாத்துனது சில வரி, டெஸ்ட்டோட சேத்து ஒரே மதியத்துல முடிஞ்சிருச்சு. அது புரொடக்‌ஷன் (கஸ்டமர் நிஜமா யூஸ் பண்ற சிஸ்டம்) போய்ச் சேர்றதுக்குள்ள இந்த வேலை மேல எனக்கிருந்த பிடிப்பே விட்டுப்போச்சு.

ஸ்பிரின்ட் (பிளான் போட்டு ஓட்டுற குறுகிய வேலைச் சுற்று) நடுவுல எதையும் சேக்கக்கூடாதுன்னு முதல்ல நிறுத்துனாங்க. புதுசா ஏதாவது தெரியவந்தா எந்த வேலை முதல்லன்னு முடிவு பண்ற புராடக்ட் ஓனரோட பேசி ஸ்கோப்ப மாத்திக்கலாம்னு, இந்த ஸ்பிரின்ட் முறைக்கே அடிப்படையான 2020 ஸ்கிரம் கைடுலயே இருக்கு, சொன்னேன், எடுபடல. அடுத்த பிளானிங்ல இது ரெண்டு பாயின்ட்டா மூணு பாயின்ட்டான்னு (வேலை எவ்வளவு பெருசுங்குற கணக்கு) பெரிய விவாதம், ஏன்னா ஒரு ஸ்பிரின்ட்ல எத்தன பாயின்ட் முடிச்சோம்னு காட்டுற வெலாசிட்டி சார்ட் மேல வரைக்கும் போகுது. நாம பேசிட்டு இருக்குற இந்த நேரத்துல எத்தன பேர் அக்கவுன்ட்ல ரெண்டாவது தடவ காசு போயிருக்கும்னு ஒருத்தர் கூட கேக்கல. அதுதான் எனக்குத் தாங்கல. யாரும் கெட்டவங்க இல்லங்க, சார்ட்ல எது தெரியுமோ அதப்பத்தி மட்டும் பேசியே பழகிட்டாங்க.

டெஸ்ட் பண்ணிப் பாக்குற கியூஏ சர்வர்ல வேற டீமோட அரைகுறை பில்ட் ஓடிட்டு இருந்துச்சு, அதுக்கு ஒரு காத்திருப்பு.

அப்புறம் சேஞ்ச் அப்ரூவல் மீட்டிங். அந்தக் கோட திறந்தே பாக்காதவங்க உக்காந்து ஸ்கிரீன்ஷாட்ல தேதி இல்லன்னு திருப்பி அனுப்புனாங்க, மாத்தம் சரியா தப்பான்னு கேள்வியே வரல. டீமுக்கு வெளிய இருக்குறவங்க அப்ரூவல் கட்டாயமா இருக்குற இடங்கள் செயல்பாட்டுல கடைசி வரிசைல இருக்க 2.6 மடங்கு வாய்ப்பு அதிகம்னு சாஃப்ட்வேர் டீம்கள் எப்படி வேலை செய்யுதுன்னு ஆராயுற டோராவோட 2019 ரிப்போர்ட் சொல்லுது, அதனால தப்பு குறையுதுங்குறதுக்கும் அவங்களுக்கு ஆதாரம் கிடைக்கல. ரிவ்யூ வேணும், அதுல எனக்கு மாற்றுக்கருத்தே இல்ல, ஆனா கோட தெரிஞ்ச டீம்மேட் பாக்குறதுதான் ரிவ்யூ.

கடைசில வழி திறந்தது சப்போர்ட் டீமால. ரீஃபண்ட் கேட்டு வந்த கம்ப்ளெய்ன்ட் எல்லாத்தையும் அவங்ககிட்ட வாங்கி டிக்கெட்ல சேத்து, ஐடில் (ஐடி சர்வீஸ நடத்துறதுக்கான வழிமுறைத் தொகுப்பு) முறைப்படி இத நார்மல் சேஞ்ச்ல இருந்து எமர்ஜென்சி சேஞ்சா மாத்துங்கன்னு கேட்டேன். கஸ்டமர் எழுதுனத படிச்சதும் மேனேஜர் உடனே கையெழுத்து போட்டாரு, அன்னிக்கே ரிலீஸ் ஆச்சு, டபுள் சார்ஜ் நின்னுச்சு. இதே மாதிரி மாட்டிக்கிட்டிருந்தா நீங்களும் சப்போர்ட் டீம்கிட்ட போங்க, ரிஸ்க் குறைவான, அடிக்கடி வர்ற மாத்தங்கள முன்கூட்டியே அப்ரூவல் ஆன ஸ்டாண்டர்ட் சேஞ்ச் லிஸ்ட்ல சேக்கச் சொல்லியும் கேளுங்க. நானும் கேட்டேன், அடுத்த குவார்ட்டர் பாக்கலாம்னாங்க, அந்தக் குவார்ட்டர் வந்தும் பேச்சில்ல, நான் பேப்பர் போட்டேன்.

இப்ப இன்டர்வியூ போற இடத்துல எல்லாம், ஒரு வரி ஃபிக்ஸ் யூசர்கிட்ட போய்ச் சேர எவ்வளவு நேரமாகும், நடுவுல யார் யார் ஓகே சொல்லணும்னு கேக்குறேன். சாயங்காலத்துக்குள்ள போயிரும்னு ஒரு இடத்துல சொன்னாங்க, சொன்னது மேனேஜர் இல்ல, கோடு எழுதுறவங்களே. அங்கதான் சேரப்போறேன்.