வணிக யோசனைத் திட்டப்பணி: வெயிட்டேஜை முதலிலேயே பூட்டிவிடுங்கள்

மாணவர்களின் வணிக யோசனைத் திட்டப்பணிக்கு மதிப்பெண் வந்துவிட்டது. யோசனைகளைத் திரட்டும் பகுதியில் அசத்திய குழுக்கள் மதிப்பீட்டுப் பகுதியில் கோட்டைவிட்டிருப்பது வருத்தமாக இருக்கிறது. பிடித்த யோசனையை மனதுக்குள் முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு, அது ஜெயிக்கிற மாதிரி அட்டவணை போட்டிருக்கிறார்கள். ஒன்றுக்கு மட்டும் வரிசையாக 5, மற்றவற்றுக்கெல்லாம் 2, 3 என்று இருந்தால் திருத்துபவருக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

அடுத்த அணியைத் தயார் செய்பவர்கள் இந்த ஒன்றையாவது செய்யுங்கள். முதல் யோசனையை எழுதுவதற்கு முன்பே அளவுகோல்களையும் வெயிட்டேஜையும் (ஒவ்வொரு அளவுகோலுக்கும் 100-இல் எவ்வளவு பங்கு என்பதை) முடிவு செய்து, தேதி போட்டு, குழுவில் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பிறகு மாற்றினால் காரணத்தையும் எழுத வேண்டும்.

திரட்டுவதற்கு 6-3-5 முறை போதும். பெர்ண்ட் ரோர்பாக் 1968-இல் கொண்டுவந்தது. 6 பேர், ஆளுக்கு ஒரு தாளில் 3 யோசனை எழுத 5 நிமிடம், பிறகு தாள் பக்கத்தில் இருப்பவருக்குப் போகும். ஆறு சுற்றில், அரை மணி நேரத்தில், 108 வரை சேரும். வட்டமாக உட்காரவைத்துப் பேசவிட்டால் ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டும்; அதற்குள் வந்த யோசனை நழுவிவிடும்.

கவனிக்க வேண்டியவை:
- "ஒரு தொழில் சொல்லுங்கள்" என்று கேட்காதீர்கள். யாருக்கு, எப்போது, என்ன சிக்கல் என்று ஒரு வரி கொடுங்கள்: "மழை நாளில் சைக்கிளில் வருபவரின் புத்தகப்பை நனைகிறது".
- நான்காவது சுற்றில் வறட்சி வரும். எதைச் சேர்க்கலாம், எதை நீக்கலாம், எதைத் தலைகீழாக்கலாம் என்ற கேள்விகளை அப்போது கொடுங்கள்; முதலிலேயே வேண்டாம்.
- சுற்று நடக்கும்போது விமர்சனம் கூடாது.
- ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, கடைசியில் 5 அல்லது 6 மட்டும் அட்டவணைக்குப் போகட்டும்.

இனி அட்டவணை. தேவை 30, செய்ய முடிவது 25, தொடக்கச் செலவு 20, லாபம் 15, போட்டி 10 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண்; 5 என்றால் மிகச் சாதகம் (செலவும் போட்டியும் குறைவு என்றால் அதிக மதிப்பெண்). யோசனை அ: 5, 1, 5, 5, 5. யோசனை ஆ: 4, 4, 3, 4, 3. பெருக்கிக் கூட்டினால் அ 400, ஆ 370. மாணவர்களால் செய்யவே முடியாத யோசனை முதலிடத்துக்கு வந்துவிட்டது! கூட்டுத்தொகை அந்த 1-ஐ மறைத்துவிடுகிறது. எனவே "செய்ய முடிவது" என்பதில் 1 வாங்கியதைக் கூட்டுவதற்கு முன்பே வெளியே எடுங்கள். அதோடு தேவைக்கு 20, செய்ய முடிவதற்கு 35 என்று மாற்றியும் ஒருமுறை கணக்கிடச் சொல்லுங்கள்: அ 360, ஆ 370. வரிசை ஏன் மாறியது என்று நான்கு வரி எழுதுகிற மாணவர் மதிப்பீட்டைப் புரிந்துகொண்டவர். இது பூட்டிய வெயிட்டேஜை மீறுவது ஆகாது. அசல் கணக்கை அப்படியே வைத்து, பக்கத்தில் இதைக் காட்ட வேண்டும்.

"தேவை"க்கு 4 போட்டால் ஆதாரம் எங்கே? "இதை வாங்குவீர்களா?" என்று கேட்டால் முகத்துக்காக ஆமாம் என்பார்கள். "கடைசியாக எப்போது இப்படி நடந்தது, அப்போது என்ன செய்தீர்கள், எவ்வளவு செலவானது?" என்று கேட்கப் பழக்குங்கள். ஒன்றுமே செய்யாமல் சமாளித்துக்கொண்டேன் என்று பலர் சொன்னால் மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டியதுதான்.

சமநிலைப் புள்ளியில், அதாவது லாபமும் இல்லாமல் நட்டமும் இல்லாமல் இருக்க எத்தனை விற்க வேண்டும் என்ற கணக்கில், ஒரே தவறு திரும்பத் திரும்ப வருகிறது. மாத நிலையான செலவு 1200, விலை 50, ஒன்றுக்கான மாறும் செலவு 30. 1200-ஐ 50-ஆல் வகுத்து 24 என்று எழுதுகிறார்கள். வகுக்க வேண்டியது 20-ஆல் (50-இல் 30 போக மிச்சம்), விடை 60. அதோடு நிறுத்தாதீர்கள். ஒன்று செய்ய ஒரு மணி நேரம் ஆகும், குழுவிடம் மாதம் 40 மணி நேரம்தான் இருக்கிறது என்றால், அந்த விலையில் அந்த யோசனை நட்டத்தில்தான் ஓடும். விலையை 60 ஆக்கினால் 40 விற்றால் போதும். அந்த விலைக்கு ஆள் வருமா என்று மறுபடி போய்க் கேட்க வேண்டும்.