அம்மாவின் குதிகால்

ஜூன் 9
பயாப்ஸி ரிசல்ட் வந்துவிட்டது. அம்மாவின் குதிகாலில் இருப்பது புற்றுதான். ஸ்குவாமஸ் செல் வகை, அதாவது தோலின் மேலடுக்கில் வருகிற புற்று. சின்ன வயதில் நெல் அவிக்கும்போது அண்டா சரிந்து வெந்த கால் அது. அந்தத் தழும்பில் போன வருஷம் வந்த புண் ஆறவே இல்லை. இதற்கு மார்ஜோலின் புண் என்று பெயராம். மேலூரில் எங்கள் தெருவிலேயே பழைய தீத்தழும்போடு எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆறாத புண் இருந்தால் மஞ்சள் பத்துப் போட்டுக்கொண்டிருக்காமல் உடனே சதை டெஸ்ட் எடுத்துப் பாருங்கள்.

ஜூன் 16
பெரியாஸ்பத்திரி. கட்டியோடு சுற்றிலும் 2 செ.மீ. நல்ல தோலையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். காலில் வந்த புற்று பரவினால் தொடை இடுக்கில் நெறி கட்டுமாம். அம்மாவுக்குக் கட்டவில்லை, அது பெரிய நிம்மதி. ஓரத்தில் புற்று மிச்சமில்லை என்று ரிப்போர்ட் வந்த பிறகுதான் மூடுவார்கள்.

ஜூன் 25
ரிப்போர்ட் சுத்தம். இன்று ஃபிளாப், அதாவது பக்கத்துத் தோலை ரத்த ஓட்டம் அறாமல் திருப்பிப் புண்ணை மூடுகிற ஆபரேஷன். எலும்பு தெரிகிற இடத்தில் வெறும் தோல் ஒட்டு பிடிக்காது. பிடித்தாலும் மிதித்து நடக்கிற இடம், தாங்காது. அதனால் கெண்டைக்காலின் பின்பக்கத் தோலைக் கொழுப்போடு கிளப்பி, கீழே திருப்பிக் குதிகாலில் தைத்திருக்கிறார்கள். கணுக்காலுக்கு மேலே காம்பு மாதிரி விட்டிருக்கிறார்கள்; ரத்தம் அதன் வழியாகத்தான் வர வேண்டும். எடுத்த இடத்துக்குத் தொடையிலிருந்து தோல் ஒட்டு.

ஜூன் 27
நர்ஸ் அக்கா மணிக்கொரு தரம் வந்து ஃபிளாப்பை அழுத்திப் பார்க்கிறார். வெளுத்து, விட்டதும் 2 விநாடி வாக்கில் நிறம் திரும்ப வேண்டும். வெளிறிக் குளிர்ந்து கிடந்தால் ரத்தம் உள்ளே வரவில்லை. நீலம் பூத்து, விரலை எடுத்ததுமே சட்டென்று நிறம் திரும்பினால் ரத்தம் வெளியே போகவில்லை. நேற்று ராத்திரி மூன்று மணிக்கு ஓரம் கத்தரிப்பூ நிறமாகிவிட்டது. ஓடிப்போய்ச் சொன்னேன். டூட்டி டாக்டர் கட்டைத் தளர்த்தி, இரண்டு தையலைப் பிரித்து, காலை இன்னும் உயர்த்தி வைத்தார். கறுப்பாக ரத்தம் கசிந்தது. விடிவதற்குள் நிறம் தெளிந்துவிட்டது. ஃபிளாப் வைத்தவருக்குத் துணை இருப்பவர்கள், நிறம் மாறினால் ரவுண்ட்ஸ் வரட்டும் என்று காத்திருக்கவே கூடாது.
"எம்புட்டு நேரம்யா குப்புறவே கெடக்கிறது?" என்கிறார் அம்மா. காம்பு நசுங்கக் கூடாதே.

ஜூலை 18
ஃபிளாப் பிடித்துவிட்டது. அங்கே உணர்ச்சி குறைவு, முள் குத்தினாலும் தெரியாது. தினமும் நான்தான் பார்க்க வேண்டும். எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பு எழுதித் தந்திருக்கிறார்கள்.
"நடவுக்குள்ள நடந்துருவேனா?" என்று அம்மா கேட்டார்.
"நடக்கலாம்மா. சேத்துல மட்டும் எறங்காதீங்க" என்றார் டாக்டரம்மா. நெறி கட்டியிருக்கிறதா என்று பார்க்க மூன்று மாதத்துக்கு ஒரு தரம் வர வேண்டும்.