நம் வானம், நம் பொறுப்பு

நாட்டின் இறையாண்மை என்பது விமானக் கட்டுப்பாட்டு மையத்தில் வேலை பார்க்கும் எங்களுக்கு ரேடார் திரையில் ஓடும் ஒரு மெல்லிய கோடு. அதைத் தாண்டும்வரை விமானம் என் தலைவலி. தாண்டிவிட்டால் பக்கத்து மையத்தின் தலைவலி.

ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலப்பரப்பின் மேலுள்ள வான்வெளியில் முழு இறையாண்மை உண்டு என்கிறது 1944 சிகாகோ உடன்படிக்கையின் முதல் பிரிவு. கரையிலிருந்து அதிகபட்சம் 12 கடல் மைல் வரை நீளும் எல்லைக் கடலும் இதில் சேரும். ஆனால் நாங்கள் கவனிக்கும் விமானத் தகவல் மண்டலம், அதாவது விமானச் சேவைக்கு ஒரு மையம் பொறுப்பேற்கும் வான்பகுதி, அதோடு நிற்பதில்லை. ஆழ்கடலின் மேல் நூற்றுக்கணக்கான மைல் போகலாம். சில இடங்களில் அண்டை நாட்டு நிலத்தின் மேலேயும் போகும். பயிற்சிக்கு வருபவர்கள் இங்கேதான் குழம்புவார்கள். “இது நம் வானம்தானே, சார்?” என்பார்கள். இல்லை தம்பி, நம் பொறுப்பு.

அந்தப் பொறுப்பு எங்கே கைமாறுகிறது என்பதை இரு மையங்களும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் சொல்லும். படித்தால் தூக்கம் வரும். எந்த முனையில், எந்த உயரத்தில், எவ்வளவு இடைவெளியில் ஒப்படைப்பது, நேரம் எத்தனை நிமிடம் மாறினால் மறுபடி சொல்வது என்று பக்கம் பக்கமாகப் போகும். நடைமுறையில் இது ஒரு நேரடித் தொலைபேசி. விமானத்தின் அழைப்புப் பெயர், எல்லை முனை, நேரம், உயரம் ஆகியவற்றைச் சொல்வேன். மறுமுனையில் இருப்பவர் அப்படியே திருப்பிச் சொல்வார். கடைசியில் இருவரும் பெயருக்குப் பதிலாகத் தத்தம் இரண்டெழுத்துக் குறியைச் சொல்லி வைத்துவிடுவோம். முகமே தெரியாமல் இரண்டெழுத்தாக மட்டும் ஆண்டுக்கணக்கில் பழகியவர்கள் எனக்கு உண்டு. அரசுகள் முறைத்துக்கொண்டிருந்த நாட்களிலும் அவர்கள் குரலில் மாற்றம் இருந்ததில்லை.

இந்தத் தொலைபேசியைச் சாதாரணமாக எண்ணுபவர்களுக்கு நான் யூபர்லிங்கன் விபத்தைச் சொல்வேன். 2002 ஜூலை 1 இரவு, தென் ஜெர்மனியின் மேல் இரு விமானங்கள் மோதி 71 பேர் இறந்தார்கள். அந்த வானைக் கவனித்தது சுவிட்சர்லாந்தின் சூரிச் மையம். அங்கே பராமரிப்புப் பணியால் தொலைபேசி இணைப்பு வேலை செய்யவில்லை. ஆபத்தைத் திரையில் கண்ட ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவே மையம் சூரிச்சை அழைத்துப் பார்த்தது, இணைப்பு கிடைக்கவேயில்லை. 2006இல் கான்ஸ்டன்ஸ் நீதிமன்றம் இன்னொரு ஓட்டையைக் காட்டியது: அந்த வானைச் சுவிட்சர்லாந்திடம் ஒப்படைக்கச் செல்லத்தக்க உடன்படிக்கையே இல்லை, ஆகவே இழப்பீட்டுப் பொறுப்பு ஜெர்மனியுடையது என்றது. சட்டம் படித்தவர்கள் தீர்ப்பை நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு மறக்காதது போய்ச் சேராத அந்த அழைப்புதான்.

இந்தோனேசியாவும் சிங்கப்பூரும் இந்த விஷயத்தில் தெளிவாக எழுதிக்கொண்டன. இந்தோனேசியாவுக்குச் சொந்தமான ரியாவ் தீவுகளின் மேலுள்ள வானைப் பல பத்தாண்டுகளாகச் சிங்கப்பூர் கவனித்து வந்தது இந்தோனேசியாவில் ஆறாத மனக்குறை. 2022 ஜனவரியில் ஒப்பந்தம் கையெழுத்தாகி, 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. மண்டல எல்லை திருத்தப்பட்டது. ஆனால் சிங்கப்பூரை ஒட்டிய சில பகுதிகளில் 37,000 அடி வரையிலான சேவையை இந்தோனேசியாவே 25 ஆண்டுகளுக்குச் சிங்கப்பூரிடம் விட்டுவைத்தது. இதை விட்டுக்கொடுத்தல் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சேவையை ஒப்படைத்தால் இறையாண்மை குறைந்துவிடாது என்பது சர்வதேச விதியிலேயே இருக்கிறது.

எந்த ஒப்பந்த வரைவு வந்தாலும் இணைப்பு அறுந்தால் என்ன செய்வது என்ற பக்கத்தைத்தான் நான் முதலில் புரட்டுவேன். இப்போது வந்திருப்பதில் ஒரே ஒரு மாற்றுத் தொலைபேசி எண் இருக்கிறது. இன்னொன்று வேண்டும் என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.