அம்மாவின் பொற்றாசியமும் ரிப்போட்டில் இல்லாத பைகாபனேற்றும்

கொழும்பு வெள்ளவத்தையில் வீட்டுக்கே வந்து இரத்தம் எடுத்துப்போகும் ஒரு ஆய்வுகூடத்தின் ரிப்போட் பின்னேரம் போனுக்கு வந்தது. பொற்றாசியம் 6.4. பக்கத்தில் சாதாரண எல்லை 3.5 முதல் 5.1 வரை. கீழே சின்ன எழுத்தில், மாதிரியில் செங்குருதிக்கலங்கள் உடைந்திருக்கின்றன என்று ஒரு குறிப்பு. அம்மாவுக்கு 68 வயது. நீண்டகாலச் சீனி வருத்தம், சிறுநீரகமும் பலவீனம், பிறசருக்கு லோசாட்டன் குளிசை. ஆளைப் பார்த்தால் கொஞ்சம் களைப்பு, கால் சோர்வு, அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை.

அந்தச் சின்ன எழுத்தைக் கண்டவுடன் மனம் ஆறுதல்படத்தான் பார்க்கும். அதற்கு நியாயமும் உண்டு. உடம்பிலுள்ள பொற்றாசியத்தில் ஏறக்குறைய 98 வீதம் கலங்களுக்குள்ளே இருக்கிறது. ஊசியால் எடுக்கும்போது சில கலங்கள் உடைந்தாலே வெளியே உள்ள அளவு கூடிவிடும். கையில் பட்டி கட்டியபடி முட்டியை இறுக்கி இறுக்கித் திறந்தாலும் கூடும். பிரிக்காத மாதிரியை நெடுநேரம் குளிரில் வைத்தாலும் கூடும். ஊதா மூடிக் குழாயில் இருக்கும் இரத்தம் உறையாமற் செய்யும் மருந்து பொற்றாசிய உப்பு. அது தவறி மற்றக் குழாய்க்குள் கலந்தால் பொற்றாசியம் ஏறும், கல்சியம் இறங்கும்.

ஆனால் எண் பிழையாக இருக்கலாம் என்பதற்காக அதைப் பிழை என்று முடிவுகட்ட முடியாது. சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனமான, லோசாட்டன் குடிக்கிற ஒருவரில் 6.4 உண்மையாகவே வரக்கூடியது. எங்கள் குடும்ப வைத்தியர் போனில் சுருக்கமாகச் சொன்னார்: "ஈ.சி.ஜி.யும் எடுக்கவேணும், இரத்தமும் திரும்ப எடுக்கவேணும். ரெண்டும் இண்டைக்கே. பெரிய டொக்டரைச் சனல் பண்ணிக்கொண்டு நாளைக்கெண்டு நிக்காதேங்கோ." அந்த ஒரு வசனத்துக்கு நான் அவருக்கு வாழ்நாள் முழுக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அவசர சிகிச்சைப் பிரிவில் எடுத்த ஈ.சி.ஜி.யில் டீ அலைகள் ஊசிமுனை மாதிரி உயர்ந்து நின்றன, பொற்றாசியம் இதயத்தைத் தொட்டுவிட்டதன் அடையாளம் அது. கலம் உடையாத புது மாதிரியில் பொற்றாசியம் 6.6. அதற்குப் பிறகு எல்லாம் விரைவாக நடந்தது. முதலில் கல்சியம் குளுக்கோனேற் நாளத்தில் ஏற்றினார்கள். மட்டக்களப்பைச் சேர்ந்த இளம் டொக்டர் ஒருவர், கையில் வேலை ஓடிக்கொண்டிருக்கும்போதே எனக்கு விளங்கப்படுத்தினார்: "அக்கா, இது பொற்றாசியத்தைக் குறைக்காது. இதயத்தைத்தான் காப்பாத்தும். குறைக்கிற மருந்து இனித்தான்." அடுத்து இன்சுலினும் குளுக்கோசும் சேர்த்து, பிறகு சல்பியூற்றமோல் புகை. இவை இரண்டும் பொற்றாசியத்தைக் கலங்களுக்குள் தள்ளுகின்றன, உடம்பிலிருந்து வெளியேற்றுவதில்லை. சில மணித்தியாலத்தில் அது திரும்ப வெளியே வரும். அதனால்தான் எண் 5.6க்கு இறங்கிய பிறகும் வீட்டுக்கு விடவில்லை, திரும்பத் திரும்ப இரத்தம் எடுத்தார்கள். இன்சுலினால் சீனி இறங்கிவிடக்கூடும் என்று மணிக்கொருதரம் விரலிலும் குத்திப் பார்த்தார்கள். நிஜமாக வெளியேற்றும் வேலை சிறுநீருக்கும் மலத்துக்கும் உரியது: அதற்குச் சிறுநீரைக் கூட்டும் பியூரோசமைட்டும், குடலில் பொற்றாசியத்தைப் பிடித்துவைக்கும் ஒரு தூளும் கொடுத்தார்கள்.

நான் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறவள். அமிலம் சேர்ந்தாலும் பீ.எச் அதிகம் மாறாத தாங்கற் கரைசலைக் கரும்பலகையில் எத்தனையோ தரம் எழுதியிருக்கிறேன். அன்றிரவு இரத்தவாயுப் பரிசோதனைத் துண்டைக் கையில் தந்தபோது அதே சமன்பாடு அம்மாவின் பெயரோடு வந்திருந்தது. பீ.எச் 7.31. இரத்தத்தில் அமிலத்தைத் தாங்கும் பைகாபனேற்று 14. காபனீரொட்சைட்டின் அமுக்கம் 29. சாதாரணமாக பீ.எச் 7.35க்கும் 7.45க்கும் இடையில், பைகாபனேற்று 22க்கும் மேலே இருக்கவேண்டும். இரத்தம் அமிலப் பக்கம் சரிந்திருக்கிறது. நுரையீரல் வேகமாக மூச்சுவிட்டு அதை ஈடுசெய்யப் பார்க்கிறது. ஈடுசெய்வது போதுமா என்று பார்க்க ஒரு சுருக்கமான கணக்கு உண்டு: பைகாபனேற்றை ஒன்றரையால் பெருக்கி எட்டைக் கூட்டுவது. 14க்கு 29 வருகிறது. சரியாக எதிர்பார்த்த இடம். மூச்சின் பக்கத்திலிருந்து வேறொரு அமிலக் கோளாறு சேரவில்லை என்று அந்த ஒரு எண் சொல்லியது.

வீட்டுக்கு வந்த ரிப்போட்டுகளில் பைகாபனேற்று ஒருபோதும் இருந்ததில்லை. 'எலெக்ரோலைற்' என்று எழுதிக் கொடுத்தால் சோடியமும் பொற்றாசியமும் மட்டும்தான் எங்களுக்கு வந்தன. அம்மாவின் கதையில் பாதி அந்த எழுதாத வரியில் இருந்திருக்கிறது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அதையும் குளோரைட்டையும் கேட்டு வாங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

குளோரைட்டு ஏன்? சோடியத்திலிருந்து குளோரைட்டையும் பைகாபனேற்றையும் கழித்தால் மிஞ்சுவது, அளக்கப்படாத அமிலங்கள் எவ்வளவு என்று காட்டும். அம்மாவுக்கு சோடியம் 136, குளோரைட்டு 112, பைகாபனேற்று 14. மிச்சம் 10. இது சாதாரணம். சீனி வருத்தத்தில் வரும் கீற்றோன் அமிலமோ லக்ரிக் அமிலமோ சேர்ந்திருந்தால் இது உயர்ந்திருக்கும். ஆக, எங்கிருந்தோ புது அமிலம் வந்து கொட்டவில்லை. நாளாந்தம் உடம்பில் உண்டாகிற அமிலத்தை, அதாவது உடல்நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் ஒரு மில்லிமோலை, சிறுநீரகம் வெளியே அனுப்பவில்லை.

அடுத்த நாள் வார்ட்டுக்கு வந்த சிறுநீரக வைத்திய நிபுணர் சிங்களத்தில் அம்மாவோடும் ஆங்கிலத்தில் என்னோடும் கதைத்தார். அவர் சொன்னதைக் கேட்டபின்தான் பொற்றாசியம் ஒன்று, அமிலம் ஒன்று என இரண்டு வருத்தம் என்று நான் நினைத்திருந்தது ஒன்றாகச் சேர்ந்தது. சிறுநீரகம் அமிலத்தை வெளியேற்ற அமோனியா வேண்டும். சிறுநீரகத்தின் நுண்குழாய்க் கலங்கள் அமோனியாவை உண்டாக்கி, அதில் ஐதரசன் அயனை ஏற்றி, அமோனியமாகச் சிறுநீரில் விடுகின்றன. இரத்தத்தில் பொற்றாசியம் கூடினால் அந்த அமோனியா உற்பத்தி குறைந்துவிடும். பொற்றாசியம் ஏன் கூடுகிறது? அதை வெளியேற்றச் சொல்லும் அல்டொஸ்ரரோன் ஓமோன் போதாததால். நீண்டநாள் சீனி வருத்தக்காரரில் இது அடிக்கடி காணப்படுகிறது. நாலாம் வகைச் சிறுநீரகக் குழாய் அமிலத்தன்மை என்று அதற்குப் பெயர். பொற்றாசியத்தைச் சரிசெய்தாலே அமிலமும் பெருமளவு சரியாகும் என்றார்.

பிறகு அம்மாவின் மருந்துப் பையைக் கட்டிலில் கொட்டச் சொன்னார். லோசாட்டன் அல்டொஸ்ரரோனைக் குறைப்பது தெரிந்த விடயம். அதற்குள் முழங்கால் நோவுக்கு பார்மசியில் வாங்கிய டைக்குளோபெனக் அட்டையும் இருந்தது. அது சிறுநீரகத்துக்குள் போகும் இரத்தத்தையும் குறைக்கும், அல்டொஸ்ரரோன் சுரக்கத் தூண்டும் ரெனினையும் குறைக்கும். "உப்பு என்ன பாவிக்கிறீங்கள்?" என்று கேட்டார். பிறசருக்கு நல்லதென்று மேல்மாடி மாமி சொல்லி வாங்கிய சோடியம் குறைந்த உப்பு. அதில் சோடியத்துக்குப் பதிலாகக் கலந்திருப்பது பொற்றாசியம் குளோரைட்டு. கடைசியாகத் தெம்பிலி. வெக்கைக்கு நாளுக்கொன்று காலி வீதியில் வாங்கிக் கொடுத்தது. இளநீரில் 100 மில்லிலீற்றருக்கு ஏறக்குறைய 250 மில்லிகிராம் பொற்றாசியம். நல்ல சிறுநீரகம் இவை எல்லாவற்றையும் சத்தமில்லாமல் வெளியேற்றிவிடும். அம்மாவினதால் முடியவில்லை.

சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவான கிரியேற்றினின் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். முந்தைய ஆய்வுகூடம் 1.4 என்று எழுதியிருந்தது, வைத்தியசாலை 186 என்று எழுதியது. தம்பி கனடாவிலிருந்து இதைப் பார்த்துவிட்டு நடுச்சாமத்தில் அழுதுகொண்டு எடுத்தான். முதலாவது டெசிலீற்றருக்கு மில்லிகிராம், இரண்டாவது லீற்றருக்கு மைக்கிரோமோல், 88.4ஆல் பிரித்தால் 186 என்பது 2.1. கூடியிருக்கிறது, ஆனால் அவன் பயந்த அளவுக்கில்லை. அதைவிட உதவியான எண் சிறுநீரகம் வடிகட்டும் வீதம். வயதும், ஆணா பெண்ணா என்பதும் சேர்த்துக் கணிக்கும்போது 1.4க்கு நிமிடத்துக்கு 41 மில்லிலீற்றரும், 2.1க்கு 25 மில்லிலீற்றரும் வரும். ரிப்போட்டுகளை எழுதி வைக்கிறவர்கள் எண்ணோடு அலகையும், எடுத்த இடத்தையும் எழுதுங்கள். முடிந்தவரை ஒரே ஆய்வுகூடத்தில் எடுங்கள். கிரியேற்றினினை அளக்கும் முறையே இடத்துக்கிடம் மாறுகிறது. 1886இல் யஃபே கண்ட பிக்கிரிக் அமில முறை இன்னும் பல இடங்களில் பாவனையில் இருக்கிறது. கீற்றோன், சில நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் இருந்தால் அது தடுமாறும்.

வீட்டுக்கு வந்தபின் டைக்குளோபெனக்கும் அந்த உப்பும் நின்றன. தெம்பிலியும் நின்றது, அம்மாவுக்கு அதுதான் பெரிய கவலை. மரக்கறியைச் சின்னதாக வெட்டி, நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சமைக்கிறோம். உருளைக்கிழங்குக்கும் மரவள்ளிக்கும் இது கட்டாயம். காமரங்கா என்ற நட்சத்திரப் பழம் வீட்டுக்குள் வரவே கூடாது என்று நிபுணர் கண்டிப்பாகச் சொன்னார், சிறுநீரக நோயாளியின் மூளையையே அது தாக்கும். சோடியம் பைகாபனேற்றுக் குளிசை தொடங்கினார்கள். அதில் சோடியம் இருப்பதால் கால் வீக்கத்தையும் பிறசரையும் பார்த்துக்கொள்கிறோம்.

லோசாட்டனை ஒரேயடியாக நிறுத்திவிடலாமே என்று நான் கேட்டேன். சம்மதிக்கவில்லை. சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் போகிற சீனி வருத்தக்காரரின் சிறுநீரகத்தை அது காப்பதாக 2001இலேயே பெரிய ஆய்வு காட்டிவிட்டது, பொற்றாசியத்துக்குப் பயந்து அதை இழக்கக்கூடாது என்றார். சில வாரம் நிறுத்தி, பிறகு பாதி அளவில் திரும்பத் தொடங்கி, தொடங்கிய பின் ஒன்றிரண்டு வாரத்துக்குள் பொற்றாசியமும் கிரியேற்றினினும் பார்த்தோம். இப்போது பொற்றாசியம் 4.9, பைகாபனேற்று 21, கிரியேற்றினின் 1.5. வயிற்றோட்டம், வாந்தி, சாப்பிட முடியாத காய்ச்சல் வந்தால் லோசாட்டனையும் சீனிக்குக் குடிக்கும் மெற்போமினையும் நிறுத்திவிட்டு உடனே கூப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். அந்த இரண்டு பெயரையும், கூப்பிடவேண்டிய இலக்கத்தையும் பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறேன், நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரம் அம்மாவோடு இருக்கும் பிள்ளைக்கும் விளங்கவேண்டும் என்பதற்காக.